சாயம் சொல்லும் சேதி

உங்களில் எத்தனை பேர் சிறு வயதில் பிளாஸ்டிக் கார், விமானம், ரோபோ போன்ற மாதிரி வடிவங்களைப் பொருத்தி விளையாடியிருக்கிறீர்கள்? தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது என் மாமா ஒரு குண்டம் ரோபோ பெட்டியை வாங்கித் தந்தார். ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்ட வரிசை அது. அன்று பிடித்த பைத்தியம் இடைநிலைப்பள்ளியிலும் விடவில்லை, பல்கலைக்கழக விடுதி வரைக்கும் என்னோடு வந்துவிட்டது.

ரோபோக்களைப் பொருத்துவது எளிது. அவற்றின் பாகங்கள் வண்ணத்தோடே வருகின்றன. கார்கள் அப்படியல்ல. பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும் காரின் உடலுக்கு நாம்தான் சாயம் அடிக்க வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் இப்பொழுதுபோக்கையே கைவிடுகிறார்கள். நானும் ஏறக்குறைய கைவிட்டேன். ஏன் விடவில்லை என்பதைச் சொல்வதோடு, சாயப்பூச்சில் வரும் குறைகளை அடையாளம் காணவும் சரிசெய்யவும் நான் கற்றவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று டின், ஒரு கார்

என் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவரிடம் இளநீல நிறத்தில் ஒரு பழைய வோக்ஸ்வேகன் வண்டுக் கார் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கழுவித் துடைப்பது சிறுவனாக இருந்த என் அப்பாவின் வேலை. 1988இல் தாத்தா ஓய்வு பெற்று, குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அந்தக் கார் விற்கப்பட்டது. அதே ஆண்டு அப்பா ஒரு கார்ப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே சாயம் அடிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அப்பாவின் 55ஆவது பிறந்தநாளுக்கு அந்தக் காரைத் திருப்பித் தர எண்ணினேன். தாமியா நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் மாதிரியை வாங்கினேன். 24இல் ஒரு பங்கு அளவு. நான்கு மீட்டர் நீளக் கார் ஏறக்குறைய 17 சென்டிமீட்டராக உள்ளங்கையில் அமர்ந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழை விட்டதும் விடுதியின் பின்புறம் நின்று முதல் டின்னை அடித்தேன். பத்து நிமிடத்தில் நீலத்தின் மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்தது. சாயம் கெட்டுவிட்டது என்று எண்ணி, இரண்டாவது டின்னை அதே இரவில் கனமாக அடித்தேன். கதவோரம் கண்ணீர்போல் வழிந்தது. கோபத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உண்மைக் கார்ச் சாய டின்னை அதன்மேல் அடித்தேன். கூரை, கொதித்த பாலின் ஆடைபோல் சுருங்கிப்போனது.

மறுவாரம் வீட்டுக்குப் போனபோது பையில் ஒளித்து வைத்திருந்ததை அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஏசுவார் என்று பயந்தேன். அவரோ காரைச் சன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல மூனு தப்பு இருக்கு தம்பி. ஒன்னு மழை, ஒன்னு கை, ஒன்னு டின்னு. நீ மூனையும் ஒரே தப்புன்னு நெனச்சிட்டே," என்றார்.

இக்கட்டுரையின் சாரமே அப்பா சொன்ன அந்த வார்த்தைதான். ஒவ்வொரு குறைக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு காரணம் உண்டு. முகத்தைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் அடித்தால், ஒரு குறை மூன்றாகப் பெருகும்.

டின்னுக்குள் என்ன நடக்கிறது?

ஸ்பிரே டின்னுக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, வண்ணமும் பிசினும் கலந்த சாயம். இரண்டாவது, அதைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர். மூன்றாவது, அழுத்தத்தில் அடைக்கப்பட்ட உந்துவாயு. பொத்தானை அழுத்தியதும் சாயம் நுண்துளிகளாகச் சிதறிப் பறக்கிறது. துளிகள் ஈரமாகவே போய் விழுந்து, ஒன்றோடொன்று கலந்து, சமமாகப் பரவி, பிறகு தின்னர் ஆவியாகி உலர வேண்டும். இதுதான் நல்ல பூச்சு. துளி வழியிலேயே காய்ந்தாலும் தவறு, விழுந்த இடத்தில் அளவுக்கு மீறித் தேங்கினாலும் தவறு. பெரும்பாலான குறைகள் இந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் காரில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் தடித்து நிற்கும் சாயத்துளி, உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர் அகலக் கட்டிக்குச் சமம். பெரிய காரில் கண்ணுக்குப் படாத குறை சின்னக் காரில் மலைபோல் தெரிவதற்கு இதுவே காரணம்.

1. வெண்படலம்

நம் நாட்டு வானிலையில் அதிகம் வரும் குறை இது. தின்னர் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் தின்னர் பட்டால் சில்லென்று இருப்பது இதனால்தான். பரப்பு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்து, உலராத சாயத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுவே வெண்மையாகத் தெரிகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வெப்பநிலை 30 பாகை, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 26 பாகையிலேயே பனி படியத் தொடங்கும். அதாவது, பரப்பு நான்கு பாகை குளிர்ந்தாலே போதும். ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால் ஏறக்குறைய 21 பாகைக்கு இறங்க வேண்டும். மழை விட்ட மாலையில் அடித்த நான் முதல் வகையில் மாட்டிக்கொண்டேன். அதனால்தான் அப்பா, "இது சாயக் கோளாறு இல்ல, மழைக் கோளாறு," என்றார்.

தீர்வு எளிது. வெண்மை படர்ந்தவுடன் நிறுத்திவிடுங்கள். துடைக்காதீர்கள். லேக்கர் வகைச் சாயமாக இருந்தால், காற்று உலர்ந்த ஒரு நாளில் அதே சாயத்தை மெல்லியதாக மேலே அடித்தால், பழைய படலம் மீண்டும் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். தவிர்க்க விரும்பினால், விடியற்காலையையும் மழைக்கு முன்பின் நேரத்தையும் விலக்குங்கள். வெயில் ஏறி ஈரம் குறைந்த முற்பகல் பத்து மணிக்கு மேல், நிழலில் அடிப்பதே நம் ஊருக்கு ஏற்ற நேரம். சிறிய ஈரப்பத மானி ஒன்று வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

2. ஆரஞ்சுத் தோலும் மணல் தூவலும்

இவை இரண்டும் உடன்பிறப்புகள். உலர்ந்த பூச்சு தோடம்பழத் தோல்போல் மேடுபள்ளமாக இருந்தால் அது ஆரஞ்சுத் தோல். தொட்டால் மணல்தாள்போல் சொரசொரப்பாக இருந்தால் அது மணல் தூவல். துளிகள் ஒன்று கலந்து பரவுமுன் காய்ந்துவிட்டன என்பதையே இரண்டும் சொல்கின்றன. முதலாவதில் துளிகள் பாதி ஈரமாக வந்து சேர்ந்தன, இரண்டாவதில் வழியிலேயே காய்ந்துவிட்டன.

டின்னை எட்டப் பிடித்திருக்கலாம். கடும் வெயிலில் நின்றிருக்கலாம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம். விடுதி அறையில் பலரும் மறக்கும் காரணம் மின்விசிறிதான். டின் குளிர்ந்து அழுத்தம் குறைந்திருந்தாலும் துளிகள் பெரிதாகி ஆரஞ்சுத் தோல் வரும். விடாமல் அடிக்க அடிக்க உந்துவாயு ஆவியாகி டின் தானாகவே குளிரும். அதனால் இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையில் இருந்த டின்னை, கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் சில நிமிடம் வைத்து, நன்கு துடைத்துவிட்டு அடிக்கலாம். கொதிநீரோ நெருப்போ கூடவே கூடாது. டின்னில் எழுதியிருக்கும் வெப்ப வரம்பைப் படியுங்கள்.

சரிசெய்ய, பூச்சு நன்கு காயும்வரை காத்திருந்து, 1500 எண், பிறகு 2000 எண் மணல்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். இறுதியில் மெருகுப் பசையால் பளபளப்பேற்றலாம். விளிம்புகளில் தேய்க்காதீர்கள், அங்கே சாயம் மெல்லியது, சட்டென்று பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

3. வழிதல்

இது கையின் தவறு. கிட்டப் பிடித்தது, மெதுவாக நகர்த்தியது, ஒரே தடவையில் நிறம் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது ஆகியவையே காரணம். என் கதவோரத்தில் நடந்தது இதுதான்.

வழிந்ததைக் கண்டதும் விரலால் துடைக்கத் தோன்றும். துடைத்தால் கைரேகையும் சேர்ந்து பதியும். அப்படியே விட்டுவிடுங்கள். வழிந்த இடம் தடிமனானது, மேலே காய்ந்தாலும் உள்ளே மென்மையாக இருக்கும். ஒரு வாரம் பொறுங்கள். காய்ந்ததா என்று அறிய மூக்கே கருவி. அருகில் வைத்து முகர்ந்தால் தின்னர் வாடை வருகிறதா? வந்தால் இன்னும் காயவில்லை. வாடை நின்றபின் 1000 எண் மணல்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றி, அந்த மேட்டை மட்டும் தேய்த்துச் சமன் செய்து, மறுபடி அடிக்கலாம்.

சரியான முறை இதுதான். டின்னை ஒரு நிமிடமாவது நன்கு குலுக்குங்கள். ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். காருக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்து, மறுபுறம் வெளியே வந்தபின் விடுங்கள். முதல் இரண்டு பூச்சுகள் வெறும் தூவலாக இருக்கட்டும், அடியில் வெள்ளை தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விட்டு அடுத்தடுத்த பூச்சுகளில் ஈரத்தைக் கூட்டுங்கள். பொதுவாக நான்கைந்து மெல்லிய பூச்சுகளில் நிறம் நிறைந்துவிடும்.

4. மீன்கண்

சாயம் அடித்தவுடன் ஆங்காங்கே வட்டமாக விலகி, நடுவில் அடிப்பரப்பு தெரிந்தால் அது மீன்கண். எண்ணெய் இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாமல் ஒதுங்குகிறது. அச்சிலிருந்து பாகத்தை எளிதாக எடுக்க ஆலையில் பூசும் பொருள், மெருகுப் பசையிலுள்ள சிலிக்கோன், நம் விரல் எண்ணெய் எல்லாமே காரணமாகலாம். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு காரைத் தொட்டால் சொல்லவும் வேண்டுமா?

சாயம் அடிக்குமுன் பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் பழைய பல்துலக்கியாலும் கழுவி, நன்கு காயவைத்து, பிறகு கையுறையோடு மட்டுமே தொடுங்கள். மீன்கண் வந்துவிட்டால் மேலே அடித்து மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் லேசாகத் துடைத்து, தூவல் பூச்சிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். நம் காருக்கு அந்தச் சுவர் அடிச்சாயம், அதாவது பிரைமர். அது மேற்சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது, கீறல்களைக் காட்டிக்கொடுக்கிறது, நிறத்தையும் சமப்படுத்துகிறது. மஞ்சள், சிவப்பு போன்ற மூடுதிறன் குறைந்த வண்ணங்களுக்கு வெள்ளை அடிச்சாயம் நல்லது. சாம்பல் அடிச்சாயத்தின் மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும்.

5. சுருக்கமும் வெடிப்பும்

இதுதான் என் கூரைக்கு நேர்ந்தது. கார்களுக்கும் இரும்புக்கும் அடிக்கும் டின்களில் கடுமையான தின்னர் இருக்கும். உலோகம் அதைத் தாங்கும், மாதிரிக் காரின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தாங்காது. அடியில் அரைகுறையாகக் காய்ந்த சாயம் இருந்தால், தின்னர் அதற்குள் புகுந்து ஊதச் செய்து, தோலாக உரித்துவிடும். பிளாஸ்டிக்கையும் அரித்துச் சிலந்திவலைபோல் கோடு விழச் செய்யும்.

ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடுமையான சாயம் கீழே, மென்மையானது மேலே. லேக்கர் நன்கு காய்ந்தபின் அதன்மேல் அக்ரிலிக்கோ எனாமலோ அடிக்கலாம். எனாமலின் மேல் லேக்கர் அடிக்கக்கூடாது. டின் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். தாமியாவின் டின்களிலேயே டிஎஸ் வரிசை பாலிஸ்டைரீன் மாதிரிகளுக்கு, பிஎஸ் வரிசை தொலைக்கட்டுப்பாட்டுக் கார்களின் பாலிகார்பனேட் உடலுக்கு. இரண்டையும் மாற்றி அடிக்கக்கூடாது.

சுருங்கிய சாயத்துக்குத் தேய்ப்பது பயன் தராது. முழுவதையும் உரிக்க வேண்டும். நான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பல மணி நேரம் ஊறவைத்துப் பல்துலக்கியால் உரித்தேன். அசிட்டோனோ சாதாரணத் தின்னரோ ஊற்றினால் காரே கரைந்துவிடும். அரிக்கப்பட்ட கூரையை நிரப்புப் பசை பூசி, தேய்த்து, மூன்று வாரங்களில் மீட்டேன்.

6. தூசியும் நாடாவும்

ஈரச் சாயத்தில் விழுந்த தூசியை அந்நேரமே எடுக்க முயலாதீர்கள். காய்ந்தபின் 2000 எண் தாளால் தேய்த்தால் போய்விடும். அடிக்குமுன் தரையில் சிறிது தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். ஆனால் மூடிய சின்ன அறையில் இப்படிச் செய்தால் ஈரப்பதம் ஏறும் என்பதை மறக்காதீர்கள். அடித்து முடித்ததும் சுத்தமான ஒரு பெட்டியால் மூடி வையுங்கள்.

இரண்டு வண்ணம் அடிக்கும்போது மறைப்பு நாடாவின் அடியில் சாயம் கசிந்தால், நாடாவின் விளிம்பு சரியாக அழுத்தப்படவில்லை, அல்லது பூச்சு கனம் என்று பொருள். நாடா ஒட்டியபின், அடியில் உள்ள வண்ணத்தையே முதலில் விளிம்பில் தூவுங்கள். இடுக்குகளை அது அடைத்துவிடும். நாடாவோடு சாயமே உரிந்து வந்தால், கழுவாமலோ அடிச்சாயம் இல்லாமலோ அடித்திருக்கிறீர்கள், அல்லது முழுமையாகக் காயுமுன் ஒட்டியிருக்கிறீர்கள்.

கரண்டியில் ஒத்திகை

இவ்வளவையும் காரின் மேல்தான் கற்க வேண்டும் என்பதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் கரண்டிகள் ஒரு கட்டு வாங்குங்கள். காருக்கு அடிக்கப்போகும் அடிச்சாயம், சாயம், மேற்பூச்சு மூன்றையும் அதே வரிசையில், அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு கரண்டிக்கு முதலில் அடியுங்கள். கரண்டியின் வளைவு காரின் கூரைபோலவே நடந்துகொள்ளும். வெண்மையோ சுருக்கமோ வருவதாக இருந்தால் அங்கேயே வந்துவிடும். மாணவர்களாகிய நமக்கு ஒரு டின் வீணானால் சில நாள் சாப்பாட்டுச் செலவு போனது மாதிரி. கரண்டியோ சில காசு.

மூச்சு முக்கியம்

இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்றதை மறந்தாலும் இது நினைவில் நிற்க வேண்டும் என்பதே. உந்துவாயு எளிதில் தீப்பற்றும். சமையல் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள் எரியும் இடத்தில் அடிக்காதீர்கள். டின்னை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண முகக்கவரி துளிகளில் சிலவற்றைத் தடுக்கலாம், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசமே தேவை. திறந்த இடத்தில், காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராதபடி நின்று அடியுங்கள். கடினமாக்கி கலந்த இருகூட்டு மேற்பூச்சு டின்களும் இப்போது கிடைக்கின்றன. அவை கண்ணாடிபோல் மின்னும். ஆனால் அவற்றிலுள்ள ஐசோசயனேட் சாயத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள். அவற்றை விடுதியில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

என் அப்பா தொழில் பழகிய காலத்தில் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இதைத்தான் அடித்தார். இன்றும் விடியற்காலையில் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது அவர் இருமல். நான் புதிய கவசம் ஒன்று வாங்கியபோது அதை வாங்கிப் பார்த்து, "இது அப்பவே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

முடிவாக

இக்கட்டுரை எழுதத் தொடங்கியபோது இக்குறைகளுக்குத் தமிழில் பெயர் தேடினேன். அப்பாவின் பட்டறைப் பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம். ஆரஞ்சுத் தோலும் மீன்கண்ணும் ஆங்கிலப் பெயர்களின் நேர்ப்பெயர்ப்பு. வெண்படலமும் மணல் தூவலும் நானும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வைத்த பெயர்கள். பெயர் வைத்தபின் அவரோடு தொலைபேசியில் பேசவே எளிதாக இருந்தது. "வெண்படலமா, மணலா?" என்று கேட்பார். நான் பதில் சொல்லுமுன் பாதிக் காரணம் விளங்கிவிடும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. சாயம் கெட்டால் உடனே அடுத்த டின்னை எடுக்காதீர்கள் நண்பர்களே. காரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மழையா, கையா, டின்னா என்று கேளுங்கள். காய விடுங்கள். பிறகு தொடுங்கள்.

பிறந்தநாளன்று இளநீல வண்டுக் காரை அப்பாவின் கையில் வைத்தேன். வழக்கம்போல் சன்னல் பக்கம் திருப்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. பின்புறத்தில் ஓரிடத்தைச் சுண்டுவிரலால் காட்டி, "இங்க ஒரு தூசி இருக்கு," என்றார். தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. தாத்தா காருலயும் அதே இடத்துல ஒன்னு இருந்துச்சு."